பிரையன்ட் அண்ட் மே, 1888: அபராதக் கணக்கும் தீப்பெட்டி ஆலைப் பெண்களின் வேலைநிறுத்தமும்

ஒரு மரச்சட்டத்தில் அடுக்கியிருக்கும் தீக்குச்சிகளை எடுத்துப் பெட்டிகளில் அடைத்து முடித்தால் அரை பென்னி கூலி. மணிக்கு 3 சட்டம் வரை முடிக்கலாம், ஆக ஒரு மணி நேர உழைப்புக்கு ஒன்றரை பென்னி. ஒரு தடவைக்கு ஒரு சட்டம்தான் தருவார்கள். அதை முடித்ததும் அடுத்ததை எடுத்துவர மாடிப்படி இறங்கி ஏற வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. ஓடுகிற அவசரத்தில் மேசைமேல் நாலைந்து குச்சிகளை விட்டுவிட்டுப் போனால் 3 பென்னி அபராதம். நாலைந்து குச்சிக்காக இரண்டு மணி நேர உழைப்பு போய்விடும்.

கிழக்கு லண்டனில் ஃபேர்ஃபீல்ட் சாலையில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையின் நடைமுறை இது. 1888 ஜூன் மாதம் அங்கே வேலை பார்த்த பெண்களே அன்னி பெசன்ட்டிடம் சொன்ன விவரம். சில வாரங்களில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் பதின்வயதுச் சிறுமிகள்.

தொழிற்புரட்சிக் காலத்துச் சுரண்டல் என்றதும் நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இந்த ஆலையின் கதையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கூலி குறைவு என்பது பாதிதான். பேசிய கூலியையும் கைக்கு வரவிடாமல் செய்த ஏற்பாடு மீதிப் பாதி. பெண்கள் போராடி உடைத்தது அந்த ஏற்பாட்டை. அவர்களுடைய எலும்பைத் தின்ற வெள்ளை பாஸ்பரஸ் மட்டும் அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் அதே கூடங்களில் இருந்தது. ஒன்று இரண்டே வாரத்தில் விழுந்தது, மற்றது விழவில்லை. ஏன் என்று பார்க்க வேண்டும்.

கூலியும் பிடித்தமும்

வில்லியம் பிரையன்ட், பிரான்சிஸ் மே இருவரும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1840-களில் கூட்டு வியாபாரம் தொடங்கி, ஸ்வீடனிலிருந்து தீக்குச்சி இறக்குமதி செய்து விற்றார்கள். 1861-ல் ஃபேர்ஃபீல்ட் சாலையில் சொந்த ஆலை வந்தது. 1884-ல் அது பங்கு நிறுவனமாக மாறியது. 1887-ல் பங்குதாரர்களுக்கு 23 சதவீத ஈவுத்தொகை கொடுத்தார்கள், அதற்குச் சற்று முன்பு 25 சதவீதம் கொடுத்திருந்தார்கள். 5 பவுண்டு பங்கு 18 பவுண்டுக்கு மேல் விலை போனது. பங்கு வைத்திருந்தவர்களில் பாதிரியார்களும் உண்டு.

இனி உள்ளே நிற்பவர்களின் கணக்கு. கோடையில் காலை 6.30-க்கு வேலை தொடங்கும், குளிர்காலத்தில் 8 மணிக்கு. மாலை 6 வரை நடக்கும். காலை உணவுக்கு அரை மணி நேரம், மதியத்துக்கு ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நின்றபடியே வேலை. பெசன்ட் சந்தித்த 16 வயதுப் பெண் ஒருத்திக்கு வாரம் 4 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆகவே ஒரு நாளைக்கு 8 பென்னி. அதே ஆலையில் வாரம் 8, 9 ஷில்லிங் வாங்கிய அக்காவோடு ஒற்றை அறையில் இருந்தாள். அறை வாடகை 2 ஷில்லிங். காலையும் மதியமும் ரொட்டி, வெண்ணெய், தேநீர். மாதம் ஒரு முறை ஓர் இடத்துக்குப் போவாளாம். அங்கே காப்பியும் ஜாமும் நிறையக் கிடைக்கும் என்று கண் மின்னச் சொல்லியிருக்கிறாள்.

இந்த 8 பென்னியை அபராதப் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கால் அழுக்காக இருந்தால் 3 பென்னி. மேசைக்கடியில் குப்பை கிடந்தால் 3 பென்னி. சில பிரிவுகளில் பேசினாலே 3 பென்னி. தீப்பற்றிக் கருகிய குச்சியை மேசைமேல் வைத்ததற்கு ஒரு ஷில்லிங் பிடித்திருக்கிறார்கள், அது அந்தச் சிறுமிக்கு ஒன்றரை நாள் கூலி. தாமதமாக வந்தால் காலை முழுக்க வெளியே நிறுத்திவிட்டு அன்றைய 8 பென்னியில் 5 பென்னியைப் பிடிப்பார்கள். மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் அடியும் விழும். தலையில் பெட்டி சுமந்து சுமந்து பதினைந்து வயதிலேயே உச்சியில் முடி உதிர்ந்து வழுக்கையான சிறுமிகளும் அங்கே இருந்தார்கள்.

இயந்திரம் விரலை வெட்டிவிடப் போகிறது என்று ஒரு பெண் கையை இழுத்துக்கொண்டாள். அதில் இயந்திரத்தில் ஓடிய பட்டை முறுக்கிக்கொண்டது. அவளுக்கு ஒரு ஷில்லிங் அபராதம். இயந்திரத்தைப் பார், விரல் போனால் போகட்டும் என்று கண்டித்தும் அனுப்பினார்கள். இன்னொருத்தி அந்தப் புத்திமதியைக் கேட்டு நடந்து விரலையே இழந்தாள். அவள் வேலைக்கு வர முடியாமல் கிடந்த நாட்களில் ஆலை ஒரு காசு கொடுக்கவில்லை.

இவை தனித்தனி மேஸ்திரிகளின் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. இப்படிப்பட்ட அபராதத்தில் கூலி விகிதத்தைத் தொடாமலே கூலிச் செலவு குறையும். வெளியே யாராவது கேட்டால் விகிதத்தைக் காட்டலாம். உள்ளே இருப்பவளுக்கு இந்த வாரம் எவ்வளவு வரும் என்று கடைசி நாள்வரை தெரியாது. அது மேஸ்திரியின் மனநிலையைப் பொறுத்தது. எனவே வாயை மூடிக்கொண்டிருப்பதும் வேலையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. பேசுவதற்கே அபராதம் விதித்த ஆலையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பிடித்தம் அபராதத்தோடு நிற்கவும் இல்லை. வேலைக்குத் தேவையான தூரிகைக்கும் வண்ணத்துக்கும் தொழிலாளியின் கூலியிலிருந்தே எடுத்தார்கள். 1882-ல் தியடோர் பிரையன்ட், பிரதமர் கிளாட்ஸ்டனுக்குச் சாலையோரம் சிலை வைத்தபோது ஆளுக்கு ஒரு ஷில்லிங் பிடித்ததாகப் பெண்கள் சொன்னார்கள். திறப்பு விழாவுக்காக அரை நாள் விடுமுறை வேறு விட்டு, அந்த அரை நாள் கூலியும் போயிற்று. சட்டைப்பையில் கல்லோடு விழாவுக்குப் போனவர்கள் உண்டு. இது நாங்கள் காசு கொடுத்த சிலை என்று அதைச் சூழ்ந்துகொண்டு கத்தியிருக்கிறார்கள். சிலர் கையைக் கீறி இரத்தத்தைச் சிலைமேல் சொட்ட விட்டதாகவும் ஒரு கதை அப்போதே உலவியது. அந்தக் கடைசிப் பகுதியை நான் அப்படியே ஏற்கவில்லை. பெசன்ட் அதைக் கேள்விப்பட்டதாகத்தான் எழுதுகிறார், சிலை பளிங்கு என்றும் எழுதுகிறார். அது வெண்கலச் சிலை. ஆனால் ஒரு ஷில்லிங் போன கோபம் ஆறு வருஷம் கழித்தும் ஆறவில்லை என்பதற்கு அந்தக் கதை உலவியதே போதும்.

தாடை நோய்

அந்தக் காலத்தில் எங்கே உரசினாலும் பற்றும் தீக்குச்சியின் மருந்தில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. மருந்து கலப்பவர்கள், குச்சியை முக்குபவர்கள், காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பவர்கள் எல்லோரும் அதன் ஆவியை நாள் முழுக்க சுவாசித்தார்கள். தின்பதற்கென்று தனி இடம் கிடையாது. கையில் மருந்தோடு, வேலை மேசையிலேயே ரொட்டியை எடுத்துத் தின்றார்கள். சொத்தைப் பல் இருந்தால் அதன் வழியாகத் தாடை எலும்புக்குப் பாஸ்பரஸ் போய்ச் சேரும். முதலில் பல்வலி, ஈறு வீக்கம். பிறகு சீழ். எலும்பு உயிரிழந்து துண்டு துண்டாக வெளியே வரும். நாற்றம் தாங்காமல் வீட்டு மனிதர்களே விலகிப் போவார்கள். செத்த தாடையை வெட்டி எடுப்பது ஒன்றே சிகிச்சை, அதற்குப் பிறகும் எல்லோரும் பிழைக்கவில்லை.

வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் 1845-லேயே இந்த நோயை விவரித்துவிட்டார். அதே 1840-களில் ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸும் வந்துவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் அதைப் பூசி, குச்சியை அதில் மட்டும் உரசும் முறையை ஸ்வீடனின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்லாந்து 1872-லும் டென்மார்க் 1874-லும் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. லுண்ட்ஸ்ட்ரோம் முறைக்கு பிரிட்டிஷ் உரிமையை 1855-ல் வாங்கியவர்களே பிரையன்ட்டும் மேயும்தான். பாதுகாப்பான குச்சியை அவர்களே செய்தார்கள், விற்றார்கள். வழி தெரியாமல் நடந்த சாவு இது இல்லை. பழைய குச்சி மலிவு, எங்கே வேண்டுமானாலும் உரசலாம் என்பதால் அதற்குத்தான் கிராக்கி. அந்தக் கிராக்கிக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தார்கள். பல்வலி என்று சொன்ன பெண்ணிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். இதனால் வலியை மறைப்பது வழக்கமாயிற்று, நோய் முற்றுவதும் வழக்கமாயிற்று.

ஜூலை 1888

1888 ஜூன் நடுவில் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிஸ்ட் அமைப்பின் கூட்டத்தில் கிளமென்டினா பிளாக் பெண் தொழிலாளர்களின் நிலை பற்றிப் பேசினார். பிரையன்ட் அண்ட் மேயின் ஈவுத்தொகையையும் அங்கே கொடுக்கும் கூலியையும் ஹென்றி ஹைட் சாம்பியன் அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெசன்ட், சக சோஷலிஸ்ட் ஹெர்பர்ட் பரோஸுடன் ஆலை வாசலுக்குப் போய்ப் பெண்களிடம் நேரில் பேசினார். ஜூன் 23 அன்று 'தி லிங்க்' என்ற தன் வார இதழில், லண்டனில் வெள்ளையர் அடிமைத்தனம் என்ற பொருளில் தலைப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் அடையாறுக்கு வந்து தன்னாட்சி இயக்கம் நடத்திய அதே பெசன்ட்தான். அப்போது அவர் நாற்பதை எட்டிய சோஷலிஸ்ட்.

கட்டுரை முடிவில் அவர் கேட்டது, இந்த ஆலையின் தீக்குச்சியை வாங்காதீர்கள் என்பது. வேலைநிறுத்தம் அவருடைய யோசனையில் இல்லை. பாடப்புத்தகங்களும் பல கட்டுரைகளும் இதைப் பெசன்ட் நடத்திய போராட்டம் என்றே எழுதுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் நடந்ததற்குக் காரணம் ஆலை நிர்வாகமே. கட்டுரையில் சொன்னது பொய், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிய தாளைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெண்கள் மறுத்தார்கள். நிர்வாகம் ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கியது, ஜூலை முதல் வாரத்தில் பெண்கள் பிரிவு பிரிவாக வெளியே வந்தார்கள். ஜூலை 6 அன்று சுமார் 200 பேர் ஃப்ளீட் வீதிக்கு நடந்தே போய்ப் பெசன்ட்டைப் பார்த்தார்கள். சாரா சாப்மேன் உள்ளிட்ட மூன்று பேர் உள்ளே போய்ப் பேசினார்கள். எங்களுக்காகப் பேசினீர்கள், உங்களை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பெண்கள் சொன்னதைப் பெசன்ட் தன் சுயசரிதையில் பதிந்திருக்கிறார்.

இது அவர்களுக்கு முதல் முயற்சியும் இல்லை. 1881, 1885, 1886 என்று முன்பே அந்த ஆலையில் வேலைநிறுத்தங்கள் நடந்து தோற்றிருந்தன. லூயிஸ் ரா என்ற ஆய்வாளர் தொழிலாளர்களின் குடும்பங்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து, இந்தப் பெண்களில் பலர் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களோடு, குறிப்பாக ஐரிஷ் குடும்பங்களோடு நெருங்கிய தொடர்புள்ளவர்கள், போராட்டத்தைத் தாங்களே நடத்தியவர்கள் என்று வாதிடுகிறார். எனக்கு அந்த வாதம் சரியென்றே படுகிறது. எதை முதலில் கேட்க வேண்டும், யாரைப் பேச அனுப்ப வேண்டும் என்பதில் அவர்கள் தடுமாறவே இல்லை. அதற்காகப் பெசன்ட்டின் பங்கு சின்னதாகிவிடாது. நிதி திரட்டியது, பத்திரிகைகளில் விஷயத்தை உயிரோடு வைத்திருந்தது, நாடாளுமன்றக் கதவைத் திறந்துவிட்டது எல்லாம் அவரும் பரோஸும் செய்த வேலை.

ஜூலை 8 அன்று மைல் எண்ட் திடலில் கூட்டம். சில நாளில் பெண்களின் குழு நாடாளுமன்றத்துக்குப் போய் உறுப்பினர்களிடம் நிலைமையை விளக்கியது. சார்லஸ் பிராட்லா அவையில் கேள்வி எழுப்பினார். 1871-லும் தீப்பெட்டித் தொழிலாளர்கள் இதே நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போயிருந்தார்கள். அப்போது நிதியமைச்சர் ராபர்ட் லோ தீப்பெட்டிக்கு வரி போடப் பார்த்தார், வரி முதலாளிகளைப் பாதிக்கும், ஊர்வலம் வெற்றி பெற்று வரி கைவிடப்பட்டது. 17 வருஷம் கழித்து இந்தத் தடவை தங்களுக்காகவே போனார்கள்.

லண்டன் தொழிற்சங்க மன்றம் நடுவே வந்து பேசியது. ஜூலை 16, 17 தேதிகளில் உடன்பாடு ஆயிற்று.

கிடைத்ததும் கிடைக்காததும்

உடன்பாட்டின் விதிகளை வரிசையாகப் படித்தால் அது பெண்களின் கணக்குப் புத்தகத்தைப் படிப்பதுபோல் இருக்கும். எல்லா அபராதங்களும் ரத்து. வண்ணம், தூரிகை முதலியவற்றுக்கான பிடித்தம் ரத்து. பெட்டி கட்டுபவர்களிடமிருந்து பறித்திருந்த 3 பென்னி திரும்ப வந்தது. வேலையில் குறை இருந்தால் மேஸ்திரியிடம் போக வேண்டியதில்லை, நேராக நிர்வாக இயக்குநரிடம் சொல்லலாம். வெளியே வந்த எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிடத் தனி அறை.

கட்டுரையில் சொன்னது பொய் என்று மறுத்துக்கொண்டிருந்த நிர்வாகம், எல்லா அபராதத்தையும் ரத்து செய்வதாகக் கையெழுத்துப் போட்டது. பெண்கள் சொன்னது உண்மையா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

மேஸ்திரியைத் தாண்டிப் போகலாம் என்ற விதியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அபராதம் விதித்தவன், அடித்தவன், புகாரைக் கேட்க வேண்டியவன் மூவரும் ஒரே ஆளாக இருந்த நிலை அதோடு முடிந்தது. ஜூலை 27 அன்று சங்கம் அமைந்தது, பெசன்ட் செயலாளர், சாப்மேன் குழு உறுப்பினர். அதே வருஷம் நவம்பரில் லண்டனில் நடந்த சர்வதேசத் தொழிற்சங்க மாநாட்டில் சாப்மேனும் கலந்துகொண்டார். அடுத்த வருஷம் அதே கிழக்கு லண்டனில் துறைமுகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் வென்றது. தேர்ச்சியில்லாத கூலிகள் என்று பழைய சங்கங்கள் ஒதுக்கிவைத்தவர்களும் சங்கம் வைத்து வெல்ல முடியும் என்று காட்டியவர்கள் இந்தப் பெண்கள். சாப்மேன் 1945 வரை உயிரோடு இருந்தார். மேனர் பார்க்கில் அடையாளம் இல்லாத ஏழைகளுக்கான குழியில் அவரைப் புதைத்தார்கள்.

பாஸ்பரஸ் விஷயத்தில் உடன்பாடு தந்தது அந்தச் சாப்பாட்டு அறை மட்டும்தான். அது சின்ன விஷயம் இல்லை, மருந்து படிந்த மேசையிலிருந்து உணவாவது விலகியது. ஆனால் கூடத்தின் காற்று மாறவில்லை. அபராதத்தை நிறுத்த ஒரு கையெழுத்து போதும், யாரும் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வெள்ளை பாஸ்பரஸை நிறுத்தினால் மலிவான குச்சியின் சந்தை வேறு ஆலைக்குப் போய்விடும். ஓர் ஆலையின் தொழிலாளர்கள் தனியாக அடைக்க முடியாத ஓட்டை அது. நாடு முழுக்க ஒரே நாளில் பொருந்தும் சட்டம் தேவைப்பட்டது, அரசு அதைச் செய்யவில்லை.

1891-ல் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு பக்கத்திலேயே ஓர் ஆலை திறந்தது. சிவப்பு பாஸ்பரஸ் மட்டும் பயன்படுத்தி, ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 4 பென்னி கொடுத்தார்கள். மற்ற ஆலைகளில் இரண்டரை பென்னிக்குள் கொடுத்த காலம். செய்ய முடியும் என்று அது காட்டியது. குச்சியின் விலை கூடுதல் என்பதால் சந்தையில் நிலைக்க முடியாமல் 1901-ல் கைமாறியது.

இதற்கிடையே 1895-ல் தாடை நோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. 1898-ல் பிரையன்ட் அண்ட் மே 17 நோயாளிகளை மறைத்தது வெளியே வந்தது. அவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள். நீதிமன்றம் விதித்த அபராதம் 25 பவுண்டு 9 ஷில்லிங். கருகிய குச்சியை மேசைமேல் வைத்த சிறுமி ஒன்றரை நாள் கூலியை இழந்த அதே ஆலைக்கு ஆறு சாவை மறைத்ததற்கு இவ்வளவுதான்.

அதே 1898-ல் பிரான்சில் இரண்டு வேதியியலாளர்கள் வேறொரு பாஸ்பரஸ் சேர்மத்தால் எங்கே உரசினாலும் பற்றும் குச்சியைச் செய்துகாட்டினார்கள். விஷம் இல்லாமலே அதே மலிவுச் சந்தையைப் பிடிக்கலாம் என்றானது. 1901-ல் நிறுவனம் வெள்ளை பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906-ல் பெர்ன் நகரில் சர்வதேச உடன்படிக்கை, 1908-ல் பிரிட்டனில் தடைச் சட்டம், 1910 முடிவதற்குள் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. லோரின்சர் நோயை விவரித்து 65 வருஷம் ஆகியிருந்தது.

உடன்பாட்டில் இன்னொரு கூட்டத்தாருக்கு இடமே இல்லை. தீப்பெட்டியின் கூடுகளை ஆலைக்குள் செய்யவில்லை, கிழக்கு லண்டனின் வீடுகளில் அம்மாக்களும் குழந்தைகளும் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு குரோஸுக்கு இரண்டேகால் பென்னி. பசையும் கட்டும் நூலும் அவர்கள் செலவு, காயவைக்க மூட்டும் நெருப்பும் அவர்கள் செலவு. ஒட்டிய கூடுகளைப் படுக்கும் அறையிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை அமைத்த குழு ஒன்று 1888 முதல் 1890 வரை இப்படிப்பட்ட வேலைகளை விசாரித்து, மிகக் குறைந்த கூலி, மிக நீண்ட நேரம், சுகாதாரமற்ற இடம் ஆகிய மூன்றும்தான் இந்தச் சுரண்டலின் அடையாளம் என்று எழுதியது. விசாரித்ததோடு நின்றது. இவர்களுக்கு மேஸ்திரி இல்லை, ஆலை வாசல் இல்லை, ஒன்றாக வெளியே நடந்து வர ஒரு கதவும் இல்லை. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி அட்டைப்பெட்டித் தொழிலுக்கு வர 1909-ல் தொழில் வாரியச் சட்டம் வர வேண்டியிருந்தது.